படிக்கட்டு மூலை

ஆலோசகர் முதல் நாள் ஆபீசுக்கு வந்தபோது முதலாளி அவளுக்கு நாற்காலி காட்டவில்லை. சுவரோரம் இருந்த ஒன்றை அவளே இழுத்தாள். அதன்மேல் டைல்ஸ் மாதிரிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்து, கைக்குட்டையால் தூசி தட்டி உட்கார்ந்தாள். அவ்வளவு நேரமும் அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டு பார்த்தபடி இருந்தார்.

"நீங்க கட்டடம் கட்டியிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"ஒரு சுவரு? ஒரு தண்ணித் தொட்டி?"

"இல்ல."

"அப்புறம் எனக்கு என்ன சொல்லித் தரப் போறீங்க?"

"கட்டறதுக்கு இல்ல சார். கட்டினதை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிக்கறதுக்கு."

அவர் சிரித்தார். மேசைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டி நின்ற மகளைப் பார்த்து, "அப்பனை வெளிய தள்ளுறவங்களைப் பார்த்திருக்கேன். அதுக்குச் சம்பளத்துக்கு ஆள் பிடிச்சுக்கிட்டு வந்தவ நீ ஒருத்திதான்" என்றார்.

சொல்ல வேண்டியதை எல்லாம் மகள் போன மாதமே சொல்லி முடித்திருந்தாள்.

ஒரு வீட்டுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்ததில் தொடங்கியது அவருடைய தொழில். இப்போது வீடுகள், கடைகள், ஒரு பள்ளிக்கூடம் வரை வந்திருந்தது. சுவர் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அதனால் வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ஒத்தைக்கண் என்பார்கள். அந்த ஒற்றைக் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதிலும் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. சுவிட்ச் போர்டு எந்த உயரத்தில் வைப்பது என்று அவரைக் கேட்பார்கள். சிமெண்ட் மூட்டையை எங்கே இறக்குவது, கொத்தனாரின் மனைவிக்குக் காய்ச்சல், அவனை வீட்டுக்கு அனுப்பலாமா, கதவுக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா, எல்லாம் அவர் போனுக்கு வந்துதான் தீரும். மனைவிக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மணல் லாரிக்காரனோடு சண்டை போட்டவர் அவர். அதை ஒரு குறையாக யாராவது சொன்னால், "என் போன் அடிக்கலைன்னா கம்பெனி படுத்துக்கும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருக்காது.

மகள் பொறியியல் படித்துவிட்டு அவரிடமே சேர்ந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. சைட்டில் அவளுக்கு இன்னும் பாப்பா என்றுதான் பெயர். அவள் ஒன்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள்; ஆட்டிக்கொண்டே கண்கள் அவளைத் தாண்டி அப்பா எங்கே என்று தேடும். அவர் லேசாகத் தலையசைத்த பிறகுதான் கொத்தனாரின் கரண்டி கலவையைத் தொடும். வேறொரு பெரிய கம்பெனி அவளைக் கூப்பிட்டபோது அவள் நேராக அப்பாவிடம் வந்து, "நீங்க தள்ளி நிக்கறீங்களா, நான் கிளம்பட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கு மாற்றாக ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் அது தெரியும். அப்படித்தான் ஆலோசகர் வந்து சேர்ந்தாள். தொழில் நடத்துகிறவர்களை அன்றாட வேலையிலிருந்து விடுவிப்பது அவள் தொழில். அவளுக்குப் பெயர் வைக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. "எனக்கு ஆப்பு வைக்க வந்தவ" என்று சைட்டில் சொன்னார். கான்கிரீட் தளத்தைத் தாங்கும் முட்டுகளை இறுக்கத் தினமும் மரத்துண்டை ஆப்பாக அடிக்கிறவர்கள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆலோசகர் கொஞ்ச நாள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விதிகளைச் சொன்னாள். சைட் விஷயம் எதுவானாலும் மகளிடம்தான் கேட்க வேண்டும். முதலாளியைக் கேட்டால் அவர் பதில் சொல்லக்கூடாது. மகளிடம் சொல்லாமல் அவர் சைட்டுக்குப் போகக்கூடாது. தளம் போடுகிற மாதிரி முக்கியமான நாட்களில் மகள் எந்தப் போனையும் எடுக்கக்கூடாது; அவர் போன் செய்தால் சூப்பர்வைசரும் எடுக்கக்கூடாது. அவர் புதிய இடங்களைப் பார்க்கலாம், பெரிய வாடிக்கையாளர்களோடு பேசலாம்.

"அதாவது என்னை ஷோகேஸ்ல வைக்கப் போறீங்க" என்றார்.

"ஷோகேஸ்ல வைக்கறதுக்காவது பேசாம இருக்கணுமே சார்."

அவளும் இதமாகப் பேசுகிற ரகம் இல்லை. ஒருநாள் ஆபீசில் பத்துப் பேர் முன்னால் சூப்பர்வைசர் அவரிடம் ஜன்னல் உயரம் கேட்டான். அவர் வாயைத் திறந்தார். "சார், அது உங்களுக்கு வந்த கேள்வி இல்ல" என்றாள் ஆலோசகர், தலையைக்கூட நிமிர்த்தாமல். அவர் காது மடல் வரை சிவந்துபோய் வெளியே நடந்தார். மகள் அன்று சாயங்காலம், "கொஞ்சம் தனியா சொல்லியிருக்கலாம்" என்றாள். "தனியா சொன்னதைத்தான் மூணு தடவை கேட்கலையே" என்றாள் ஆலோசகர். அவரை அடக்குவதில் அவளுக்கு ஒரு ருசி வந்திருந்தது. மகள் அதைக் கவனித்தாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். சாப்பாட்டு மேசையில் போன் அடிக்காததால் அவர் மனைவியின் சமையலைப் பார்க்க ஆரம்பித்தார். வெங்காயத்தை ஏன் இப்படி வெட்டுகிறாய், கேஸை ஏன் இவ்வளவு பெரிதாக வைக்கிறாய் என்றார். "என் பொண்ணு சைட்டைக் காப்பாத்திட்டா. என் அடுப்பை யார் காப்பாத்தறது?" என்று மனைவி தன் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் ஒரு டாக்டருக்காகக் கட்டிக்கொண்டிருந்த மாடிக் கட்டடத்துக்கு முதல் தளம் போடுகிற நாள் வந்தது. ஆலோசகர் அதையே பரீட்சையாக வைத்தாள். அன்றைக்கு முதலாளி வரக்கூடாது. ஆரம்பம் முதல் முடிவு வரை மகளே பார்ப்பாள். அவர் கத்துவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர், "சரி, பார்க்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு எளிதில் அவர் எதற்கும் சரி சொன்னதில்லை என்பது ஆலோசகருக்கு உறைத்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் அவள் அதை விட்டுவிட்டாள்.

தளத்துக்கு முந்தின நாள் மத்தியானம், மகள் ஆபீசில் இருந்த நேரமாகப் பார்த்து, அவர் யாரிடமும் சொல்லாமல் சைட்டுக்குப் போனார். மேலே கம்பி கட்டுகிறவர்கள் சாப்பிட இறங்கியிருந்தார்கள். அவர் நேராகத் தளத்துக்காக அடித்திருந்த பலகைக்குக் கீழே போனார். வரிசை வரிசையாக முட்டுகள் நின்றன. ஒவ்வொன்றையும் கையால் தட்டிக்கொண்டே நடந்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

படிக்கட்டு மூலைக்கு வந்ததும் நின்றார். அங்கே ஒரு பெரிய பீம் வருகிறது. அதன் அடியில் இருந்த மூன்று முட்டுகளும் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடின மண்மேல் நின்றன. அடியில் பலகை கொடுக்காமல் செங்கல் துண்டை வைத்திருந்தார்கள். அவர் செருப்புக் குதிகாலை மண்ணில் வைத்து அழுத்தினார். குதிகால் இறங்கியது. ஈரக் கான்கிரீட்டின் எடை வந்தால் இது நிற்காது. மெதுவாக அமுங்கும்; இல்லை, மொத்தமாக உட்காரும்.

செண்ட்ரிங்காரரைக் கூப்பிட அவர் வாயெடுத்தார். பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற வேலை முழுவதும் அந்த ஆளுடையது. ஆனால் கூப்பிடவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்தபடி நின்றார். செண்ட்ரிங்காரரே பீடியை அணைத்துவிட்டு வந்து, "என்னங்க ஐயா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. சும்மா பார்த்தேன்."

காரில் ஏறும்போது அவர் மனதில் எல்லாம் வரிசையாக அமைந்துவிட்டது. தளம் எப்போதும் ரோட்டுப் பக்கத்திலிருந்துதான் தொடங்கும். படிக்கட்டு மூலைக்கு வர மத்தியானம் ஆகிவிடும். பத்து மணி வாக்கில் அவர் உள்ளே போவார். கான்கிரீட் மிக்சரை நிறுத்தச் சொல்வார். எல்லார் முன்னாலும் அந்த மூலைக்குக் கூட்டிப்போய் மண்ணில் காலை வைத்துக் காட்டுவார். மகள் பார்ப்பாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவளும் பார்ப்பாள். அதற்குப் பிறகு விதியாவது ஒன்றாவது. யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆகும் முன்னால் அவர் போய்விடுவார்.

மறுநாள் காலை ஆலோசகர் அவர் வீட்டுக்கு வந்தாள். அவர் சைட்டுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் எண்ணம். அவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக, "உட்காருங்க" என்றார். மனைவி இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாமா என்று ஆலோசகரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்காமலே உள்ளே போனாள்.

"என்ன சார், இன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க?"

"இருக்கக்கூடாதா? அதுக்கும் விதி இருக்கா?"

"அப்படி இல்ல. பயமா இருக்கும்னு நினைச்சேன்."

"எனக்கு எதுக்குப் பயம்? பயப்பட வேண்டியவங்க அங்க இருக்காங்க." அவர் டீயை உறிஞ்சினார். சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. "ஒண்ணு கேக்கறேன். தளத்துக்கு அடியில முட்டு எதுமேல நிக்குதுன்னு உங்க பாப்பா பார்த்தாளா?"

"பார்த்திருப்பாங்க."

"குழாய்க்குத் தோண்டின மண்ணுமேல நிக்குது. படிக்கட்டு மூலையில. மூணு முட்டு. இறங்கும்."

ஆலோசகர் கோப்பையைக் கீழே வைத்தாள். "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து பார்த்தேன்."

"நேத்து பார்த்துட்டு சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்றது? அது எனக்கு வந்த கேள்வி இல்லையே."

அவர் அந்த வாக்கியத்துக்காகவே காலையில் எழுந்தவர் மாதிரி சொன்னார். ஆலோசகர் எழுந்து மகளுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் செய்தாள்.

"எடுக்க மாட்டா. மிக்சர் சத்தத்துல கேக்காது. பதறாதீங்க. அந்த மூலைக்கு வர இன்னும் நேரம் இருக்கு. டீயைக் குடிங்க. நாம ரெண்டு பேருமா போவோம்."

அவள் அவரைக் கவனிக்காமல் சூப்பர்வைசருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"மேடம் மேல இருக்காங்க. சொல்லுங்க."

"வேலை எந்தப் பக்கம் நடக்குது?"

"ரோட்டுப் பக்கம் மிக்சர் நிக்க முடியலங்க. தண்ணிக் குழாய்க்காரங்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. அதனால பின்பக்கத்துல இருந்து தொடங்கிட்டோம். படிக்கட்டுப் பக்கம் அப்பவே முடிஞ்சுது."

முதலாளியின் கையில் இருந்த கோப்பை சாய்ந்து சட்டையில் டீ கொட்டியது. அவர் போனைப் பிடுங்கினார். "டேய், நிறுத்து. மிக்சரை நிறுத்து. மேல இருக்கற அத்தனை பேரையும் இறக்கு."

"ஐயா, நீங்களா? ஐயா, தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கு நீங்க சொல்லி எதுவும் பண்ணக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேங்க."

போன் அணைந்தது. அதன்பிறகு எத்தனை தடவை அடித்தும் அவன் எடுக்கவில்லை.

காரை அவரே ஓட்டினார். ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் எண்ணை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தாள். சிக்னலில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"கீழ ஆள் இருப்பாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"முட்டுகளைப் பார்த்துக்க ரெண்டு பேரு நிப்பாங்க."

"மேல?"

தளம் போடும்போது மகள் எங்கே நிற்பாள் என்று அவருக்குத் தெரியும். கான்கிரீட் விழுகிற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நிற்பாள். அப்படி நிற்கச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நேற்று முழுவதும் அவர் நினைத்துப் பார்த்த காட்சியில் அவள் கீழே இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள். மேலே நிற்கிறவளாக ஒரு தடவைகூட அவளை நினைத்துப் பார்க்கவில்லை.

சைட் தெருவுக்குத் திரும்பும்போது, "நேத்து பார்த்தேன்னு சொல்லிடாதீங்க" என்றார். குரல் கெஞ்சுகிற குரல் இல்லை. மேஸ்திரிக்கு உத்தரவு போடுகிற குரல். "குழாய்ப் பள்ளம் காலையில ஞாபகம் வந்துச்சு. உடனே கிளம்பி வந்தோம். அவ்வளவுதான்."

"நான் சொல்ல மாட்டேன் சார்."

"நல்லது."

"பொய்யும் சொல்ல மாட்டேன்னு சொல்றேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில், கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து தள்ளிவிடலாமா என்ற யோசனை இருந்தது.

காரை நடுத்தெருவில் விட்டுவிட்டு அவர் உள்ளே ஓடினார். "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார். மிக்சர் ஓட்டுகிறவன் ஒத்தைக்கண்ணை அப்படி ஓடிப் பார்த்ததே இல்லை, தன்னையறியாமல் நிறுத்திவிட்டான். கலவைச் சட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தளத்தின் விளிம்பில் ரப்பர் பூட்ஸும் மஞ்சள் தொப்பியுமாக மகள் எட்டிப் பார்த்தாள்.

"இறங்கு. எல்லாரும் இறங்குங்க. அந்த மூலை நிக்காது."

அவள் ஏணி வழியே இறங்கி வருவதற்குள் அவர் பலகைக்குக் கீழே புகுந்துவிட்டார். படிக்கட்டு மூலையில் போய் நின்றவர் அங்கேயே நின்றுவிட்டார்.

மூன்று முட்டுகளும் அங்கே இல்லை. அந்த இடத்தில் ஆறு இரும்பு முட்டுகள் நின்றன. அடியில் இருந்த மண்ணை வெட்டி எடுத்து, ஜல்லி போட்டு இடித்து இறுக்கி, அதன்மேல் கனமான பலகைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருந்தார்கள். பீம் மயிரிழைகூட அசையவில்லை. அவர் குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"நேத்து சாயங்காலம் கடைசியா ஒரு சுத்து வந்தேன்" என்றாள் மகள், பின்னால் நின்றபடி. "கால் வச்சதும் மண்ணு அமுங்குச்சு. ஆளுங்களை நிறுத்தி வச்சு மாத்தினோம்."

"நல்ல வேலை பண்ணினே" என்றார் அவர். "நல்ல வேலை." அதை மனதாரத்தான் சொன்னார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தரையைப் பார்த்தாள்.

"காலையில ஞாபகம் வந்துச்சு. குழாய் தோண்டின இடமாச்சேன்னு..."

"நேத்து மத்தியானமே வந்து இங்கதானே நின்னீங்க ஐயா" என்றார் செண்ட்ரிங்காரர். அவர் கபடம் இல்லாமல் சொன்னார் என்று சொல்ல முடியாது. முந்தின நாள் சாயங்காலம் அந்த மூலைக்காக மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். "நான் என்னன்னுகூட கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டுப் போனீங்க. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு அவ்வளவு திட்டு விழுந்திருக்காது."

மேலே எங்கோ பலகை இடுக்கிலிருந்து சிமெண்ட் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா?" என்றாள் மகள்.

"பார்த்தேன்."

"பார்த்துட்டுப் பேசாம போனீங்க."

"இன்னைக்கு வந்து சொல்லலாம்னு இருந்தேன். பத்து மணிக்குள்ள வந்திருப்பேன். ரோட்டுப் பக்கத்துல இருந்துதானே எப்பவும்..."

"எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னு இருந்தீங்க."

அவர் சட்டையில் இருந்த டீக் கறையைத் தேய்த்தார்.

மகள் ஆலோசகர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அரை மணி நேரம் முன்னாடி. உடனே உங்களுக்கு அடிச்சேன். எடுக்கல."

"எடுக்கக்கூடாதுன்னு சொன்னவங்க நீங்கதான்."

அப்பாவிடம் கத்துவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். ஆனால் மிக்சருக்குள் கலவை கிடந்தது, நின்றால் இறுகிவிடும். அவள் கையைத் தட்டி, "போடுங்க, வேலை நடக்கட்டும்" என்றாள். பிறகு வாசல் காவல்காரரைக் கூப்பிட்டு, "அப்பா கிளம்பறாரு. கேட்டைத் திறந்து விடுங்க. இனிமே நான் சொல்லாம அவரை உள்ள விடாதீங்க" என்றாள்.

"இது என் கம்பெனி" என்றார் அவர்.

"கம்பெனி உங்களுதுதான். மேல நிக்கறது நாங்க."

அவர் காவல்காரரைப் பார்த்தார். அந்த ஆளை வேலைக்கு வைத்ததே அவர்தான். காவல்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கேட்டை முழுக்கத் திறந்து பிடித்தார். மிக்சர் ஓடத் தொடங்கியது. அவர் வெளியே நடந்தார். தெருவில் அவர் காருக்குப் பின்னால் வண்டிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

வீட்டில் மனைவிக்கு விஷயம் அவருக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. சூப்பர்வைசர் சொல்லியிருப்பான். அவள் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிடும் வரை பொறுத்திருந்தாள்.

"அவ மேல நிப்பான்னு தெரியுமா, தெரியாதா?"

"பத்து மணிக்குள்ள நான் போயிருப்பேன்."

"அதைக் கேக்கல."

"நான் பெத்த பொண்ணுக்கு நானே கெடுதல் நினைப்பேனா?"

"நினைக்கல. அவளையே நினைக்கல. உங்களைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தீங்க." அவள் எழுந்து கைகழுவினாள். "எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீங்க லாரிக்காரனோட கத்துனது உள்ள வரைக்கும் கேட்டுச்சு. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அன்று சாயங்காலம் அவள் ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதுவரை அவர் ஹோட்டலில் சாப்பிட்டார். போன் அடிக்கவே இல்லை. யாரும் விதி போடவில்லை; அடிக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆலோசகரை மகள் ஆபீசுக்கு அழைத்துக் கணக்கை முடித்தாள். பேசி வைத்திருந்ததில் பாதி காலம்கூட ஆகியிருக்கவில்லை.

"நான் கொஞ்சம் மென்மையா போயிருந்தா அவர் இப்படிப் பண்ணியிருக்க மாட்டாரோன்னு தோணுது" என்றாள் ஆலோசகர். அவளிடமிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை.

"அவர் பண்ணினதுல நீங்க பங்கு கேக்காதீங்க. அது முழுசா அவரோடது" என்றாள் மகள். "ஆனா போனை எடுக்காதேன்னு சொன்னீங்க பாருங்க, அது முட்டாள்தனம். அதைக் கேட்டது என் முட்டாள்தனம். கட்டடத்துல யார் கூப்பிட்டாலும் எடுக்கணும். எதிரி கூப்பிட்டாலும் எடுக்கணும்."

"உங்க அப்பாவை வெளிய கொண்டு வந்தாச்சு. அதுக்குத்தானே கூப்பிட்டீங்க?"

"ஆமா. வந்துட்டாரு. நீங்களும் கிளம்புங்க."

ஆலோசகர் தன் வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ கம்பெனிகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாள். இந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்வதில்லை.

கம்பெனியை மகள் பெயருக்கு மாற்றி எழுத வக்கீல் ஆபீசில் எல்லாரும் கூடினார்கள். அவர் எதிர்த்துச் சண்டை போடுவார் என்று வக்கீல் தயாராக இருந்தார். வக்கீல் காட்டிய இடத்தில் எல்லாம் அவர் கையெழுத்துப் போட்டார். முடிந்ததும் மகளிடம், "அன்னைக்கு அங்கயே நின்னு சொல்லியிருந்தேன்னா?" என்று கேட்டார்.

"நீங்கதான் முதலாளின்னு நானே ஒத்துக்கிட்டிருப்பேன்" என்றாள் அவள். "அந்த ஆலோசகரை அன்னைக்கே அனுப்பியிருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். அவள் அம்மாவை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அவருடைய காரும் கம்பெனியோடு போயிருந்தது; அவர் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

மனைவி திரும்பி வந்த பிறகு அவருக்குச் சில வேலைகள் கொடுத்தாள். மின்சார பில் கட்டுவது, காய் வாங்குவது, தண்ணீர்க் கேன்காரனிடம் பேசுவது. தேவைக்கு மேல் அவரோடு பேசவில்லை. மகள் வாரம் ஒருநாள் வருவாள். அவர் முன்னறையில் இருந்தால் பின்கட்டு வழியாக வந்து அம்மாவோடு பேசிவிட்டுப் போவாள். அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருப்பார்.

மழைக்காலம் முடிந்த ஒருநாள் காலை, தக்காளி வாங்கப் போன வழியில் முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் கட்டடத்தைத் தாண்டினார். வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் ஒரு கண் தானாக மூடியது. இரண்டாவது மாடியில் சாரம் கட்டின கயிறு ஒரு முடிச்சில் தளர்ந்திருந்தது. அந்தப் பலகைமேல் இரண்டு பூச்சுக்காரர்கள் நின்றார்கள்.

"தம்பி, அந்த முடிச்சைப் பாரு" என்று கீழே நின்ற மேஸ்திரியிடம் சொன்னார்.

மேஸ்திரி அவருடைய கைப்பையையும் ரப்பர் செருப்பையும் பார்த்தான். "உங்க வேலையப் பார்த்துக்கிட்டுப் போங்க பெரியவரே."

"என் வேலை கிடக்கட்டும். முதல்ல அவங்களை இறக்கு."

"யோவ், யாருய்யா நீ? எங்கிருந்து வர்றே?"

"எங்கிருந்தோ வர்றேன். இறக்கு."

"காலையிலேயே வந்துட்டான் பாரு. போய்யா, இல்லேன்னா ஆளை விட்டுத் தூக்கி வெளிய போடுவேன்."

"போடு. அதுக்கு முன்னாடி ஏறிப் பாரு."

மேஸ்திரி அவர் தோளைப் பிடித்துத் தள்ளினான். பையிலிருந்து தக்காளி சிதறியது. அவர் அதைப் பொறுக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் அங்கேயே நின்று, மேலே இருந்த இருவரையும் பார்த்து, தொண்டை கிழிய, "இறங்குங்கப்பா, கயிறு தளர்ந்திருக்கு" என்று கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர்களில் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினான். மற்றவனும் இறங்கினான். மேஸ்திரி கெட்ட வார்த்தையில் அவரைத் திட்டிக்கொண்டே மாடி ஏறி, முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டுக் கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினான்.

அவன் கட்டி முடிக்கும் வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நசுங்காத தக்காளிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"அரைக்கிலோ தக்காளி வாங்க இவ்வளவு நேரமா?" என்றாள் மனைவி, பையை வாங்கிப் பார்த்தபடி. "இதுலயும் பாதிதான் இருக்கு."

அவருக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் அது மகள் காதுக்குப் போகும். அதற்காகத்தான் சொல்கிறோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கையைக் கழுவினார்.